உப்பில்லாத சஹன்

றம்லத்தின் வாயைப் பற்றிக் கம்பளை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டுவதற்கு முன்பே "இது முந்தாநாள் மீன்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிடுவாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி பழுதானால் ராத்தாவைக் கூப்பிடலாம் என்று அவள் தம்பி றவூபே கேலி செய்வான். அப்படிப்பட்டவள் நோன்பு மாதத்திலிருந்து ஒரு விஷயத்தை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு திரிந்தாள் என்றால், அது எவ்வளவு கனத்திருக்க வேண்டும்!

விஷயம் றவூபின் மனைவி அனீஸாவைப் பற்றியது. அனீஸாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்து, அது புற்றுநோய் என்று தெரிந்து, தைராய்டு சுரப்பியையே வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியது சரி, எங்காவது ஒரு துணுக்கு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் பேராதனை ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் என்றார்கள். கதிர்வீச்சுள்ள அயடீனை ஒரு குளிசையாக விழுங்கக் கொடுப்பார்கள். தைராய்டின் மிச்சசொச்சம் உடம்பில் எந்த மூலையில் இருந்தாலும் அந்த அயடீனை இழுத்துக்கொள்ளும். கமரா அதைப் பிடித்துவிடும்.

ஆனால் அதற்கு முன்னால் உடம்பை அயடீனுக்கு ஏங்க வைக்க வேண்டும். "வயிறு நெறஞ்ச ஆளுக்கு முன்னால புரியாணி வெச்சா தொடுவாரா? அது மாதிரித்தான்" என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். ஆகவே இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, மீன் இல்லை, கருவாடு இல்லை, காய்ந்த மாசி மீன் இல்லை. முட்டை, பால், பட்டர் இல்லை. கடையில் விற்கிற உப்பெல்லாம் அயடீன் சேர்த்தது என்பதால் உப்பும் இல்லை. உப்புப் போட்டுச் சுடுவதால் பேக்கரிப் பாணும் இல்லை. போதாக்குறைக்கு, தினமும் போடுகிற தைராய்டுக் குளிசையையும் பல நாள் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். குளிசை நின்றதும் அனீஸாவின் முகம் ஊதிப்போயிற்று. குரல் கரகரத்தது. நடுப்பகலிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டு, கதிரையிலிருந்து எழும்புவதற்கே யோசித்தாள்.

அடுத்த வீட்டிலேயே இருக்கும் றம்லத், யாரும் கேட்காமலே பொறுப்பை எடுத்துக்கொண்டாள். விதவை, பலகாரம் செய்து கொடுத்துப் பிழைப்பவள், கை சும்மா இராது. அனீஸாவின் குசினியில் இருந்த உப்புப் போத்தலைத் தன் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மாசிப் போத்தலும் அதன் பின்னாலேயே போனது. உப்பில்லாத தேங்காய்ச் சம்பலோடு இடியப்பம் தின்ன வேண்டிய நிலை றவூபுக்கும் வந்தது. அவன் முணுமுணுத்தான். "நோய் அவக்கு, தண்டன எனக்கா?" என்று கேட்டவன், ராத்தாவின் பார்வையைக் கண்டு மிச்சத்தையும் பேசாமல் தின்றான்.

முதல் முறை அது நோன்பு மாதத்தில் வந்து விழுந்தது. மற்றவர்கள் கஞ்சியும் சமூசாவும் கட்லட்டுமாக நோன்பு திறக்க, அனீஸா இரண்டு ஈச்சம்பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க றம்லத்துக்குப் பொறுக்கவில்லை. அதனால் தினமும் மாலையில் கடப்பாசி காய்ச்சினாள். பால் விடவில்லை. சீனியும் தண்ணீரும் பாசியும் ஒரு சொட்டு ரோஸ் எசன்ஸும் பச்சைக் கலரும்தான். தட்டில் ஊற்றி ஆறவைத்து, டைமன் டைமனாக வெட்டி, பச்சை நிறத்தில் கண்ணாடி மாதிரி மினுங்க மினுங்கக் கொண்டுவந்து வைப்பாள். உப்பில்லை, முட்டையில்லை, பாலில்லை. இதைவிடப் பத்தியமான பண்டம் உண்டா? அனீஸாவும் "மதினி, இது ஒண்டாலதான் உயிரோட ஈக்கேன்" என்று ஆசையாய்த் தின்றாள்.

ஸ்கேன் பிரிவில் படம் எடுப்பவர் யோகராஜ் என்று ஒருவர், ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, நிதானமான மனிதர். குளிசை கொடுப்பதற்கு முன்னால் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அனீஸா சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் றம்லத் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் தாயைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இனிப்பு ஏதும் சாப்புட்டீங்களாம்மா?"

"கடப்பாசி மட்டும். ஒவ்வொரு நாளும் நோன்பு தொறக்க."

யோகராஜின் முகம் மாறியது. "அது கடல்ல வெளையிற பாசிங்கம்மா. மீன விட அதுலதான் அயடீன் கூட" என்றார், மெதுவாக, யாரும் நோகாமல்.

பெயரிலேயே கடலை வைத்துக்கொண்டு நிற்கிற பண்டம்தான். ஆனால் பலசரக்குக் கடையில் காய்ந்த நார் மாதிரிப் பைக்கற்றில் தொங்குவதைப் பார்த்து எந்தப் பெண் கடலை நினைக்கிறாள்? றம்லத் நினைக்கவில்லை. அவள் உம்மாவும் நினைத்திருக்க மாட்டாள். டொக்டர் வந்தார், கேட்டார், யோசித்தார். இந்த நிலையில் செய்தால் படத்தை நம்ப முடியாது, சில மாதம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அத்தனை நாள் உப்பில்லாமல் கிடந்ததும், குளிசையில்லாமல் குளிரில் நடுங்கியதும் வீண். வெளியே வந்த றம்லத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

வான் வண்டியில் காத்திருந்த றவூப் என்ன நடந்தது என்று கேட்டான். அனீஸா ஏறி உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கரகரத்த குரலில் சொன்னாள்: "பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. வாய் அடங்கல்ல. ஒரு கோப்ப குடிச்சிட்டன்."

றவூப் பேராதனைப் பாலத்தில் ஏசத் தொடங்கியவன் கெலிஓயா கடந்தும் ஓயவில்லை. இத்தனை பேர் உனக்காக உப்பைத் தியாகம் செய்தோமே, உனக்கு உன் உயிர் மேல் அக்கறையில்லையா என்று என்னென்னவோ சொன்னான். றம்லத் வாயைத் திறந்தாள். அனீஸாவின் கை முக்காட்டுக்குள்ளால் வந்து அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. ஊதிப்போன, ஐஸ் மாதிரிக் குளிர்ந்த கை. கம்பளை வரும்வரை அந்தக் கை விடவேயில்லை.

அன்று பின்னேரம் அழுதுகொண்டு வந்து நின்ற மதினியிடம் அனீஸா சொன்னது இவ்வளவுதான்: "அவருக்கு விளங்கினா ஊருக்கே விளங்கும். றம்லத்தாட பலகாரம் தின்டுதான் இப்பிடி எண்டு பேச்சு வரும். நீங்க எனக்கு ஆசையோட தந்தீங்க. நான் ஆசையோட தின்டன். அவ்வளவுதான்."

அன்றிலிருந்து றம்லத் கடப்பாசி காய்ச்சவில்லை. பெருநாளைக்குக் கேட்டவர்களுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு முறைப்புதான் பதில்.

இரண்டாவது தேதி வந்தது; நடுவில் தொடங்கியிருந்த தைராய்டுக் குளிசை மறுபடி நின்றது, பத்தியமும் மறுபடி தொடங்கியது. ஹஜ் பெருநாள் கழிந்து அனீஸாவின் மகள் பஸ்னாவுக்குக் கல்யாணம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, ஸ்கேன் குளிசை திங்கட்கிழமை! கல்யாணத்தைத் தள்ளிப்போடுவோம் என்றான் றவூப். மண்டபம் பேசியாயிற்று, மாப்பிள்ளை ஹில்மி கட்டாரிலிருந்து லீவில் வந்து நிற்கிறான், முடியாது என்றாள் அனீஸா. ஸ்கேனைத் தள்ளுவோம் என்றாள் அனீஸாவின் தங்கச்சி நப்லா. இனியும் தள்ளினால் உள்ளே ஏதாவது இருந்து வளர்ந்துவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இரண்டையும் செய்வேன் என்று அனீஸா ஒற்றைக் காலில் நின்றாள். எழுந்து நிற்பதற்கே கதிரைக் கையைப் பிடிக்கிறவள் சொன்ன பேச்சு அது.

"இன்னொண்டு" என்றாள். "மாப்புள வீட்டாக்களுக்கு என்ட வருத்தத்தப் பத்தி, கழுத்துல வெட்டினதப் பத்தி ஒண்டும் செல்ல வாணாம். அண்டைக்கி என்ட புள்ளய எல்லாரும் பாக்கணும். என்னப் பாத்து உச்சுக்கொட்ட வாணாம்."

எல்லாம் சரி. ஆனால் சஹன் இருக்கிறதே! ஒரு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, மேலே இறைச்சியும் முட்டையும் அடுக்கி, ஆறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து சாப்பிட வேண்டும். பெண்ணின் உம்மாவும் மாப்பிள்ளையின் உம்மாவும் ஒரே சஹனில் கைவைத்தால்தான் இரண்டு குடும்பமும் ஒன்றானதாக அர்த்தம். பெண்ணின் உம்மா தனித் தட்டில் சாப்பிட்டால், அல்லது பசியில்லை என்று சும்மா உட்கார்ந்திருந்தால், அது பேரப்பிள்ளை காலம்வரை பேசப்படும். மாப்பிள்ளையின் உம்மா ஜெஸீமா ஹாஜியானியோ, ஒரு வாய் வைத்ததும் எந்த ஊர்ச் சமையல்காரர் சமைத்தது என்று சொல்லிவிடும் நாக்குக்காரி. கண்டி டவுனில் பாதிப்பேர் வீட்டுப் புரியாணிக்கு அவள் குறை சொல்லியிருக்கிறாள்.

றம்லத் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு, "அந்த ஒரு சஹன் நான் ஆக்குறன்" என்றாள். "உப்பில்லாம. முழு சஹனும்."

"மத்த அஞ்சு பேரும் என்னத்தத் தின்னுவாங்க?" என்று கேட்டாள் நப்லா.

"நாம ரெண்டு பேரும் ருசிச்சி ருசிச்சித் தின்னுவம். மாப்புள வீட்டாக்கள் மூணு பேர அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும்."

அயடீன் சேர்க்காத உப்பு எங்கோ கிடைக்குமாம் என்று யாரோ சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு தடவை பட்டவள் றம்லத். பைக்கற்றில் என்ன எழுதியிருந்தாலும் நம்புவதாக இல்லை. கல்யாணத்தன்று விடியலிலேயே தன் வீட்டுக் குசினியில் சட்டியை ஏற்றினாள். நெய் கூடாது, தேங்காயெண்ணெய். தயிர் கூடாது, தேசிக்காய்ப் புளி. உப்பு இல்லாத குறையை மறைக்க மிளகு, கராம்பு, ஏலம், பொன்னிறத்தில் பொரித்த வெங்காயம், அன்னாசித் துண்டு, முந்திரி என்று கைவசமிருந்த வித்தையெல்லாம் காட்டினாள். ஒரு வாய் எடுத்து ருசி பார்த்தாள். வாசம் ஊரைக் கூட்டியது. நாக்கில் வைத்தால் மண் மாதிரி இருந்தது. முட்டையும் கூடாது என்பதால் அந்த இடத்தில் அன்னாசியை வட்டமாக அடுக்கி மூடினாள்.

மண்டபத்தில் அனீஸாவைப் பார்த்தவர்களுக்கு வருத்தக்காரி என்று தோன்றியிருக்காது. கழுத்துத் தழும்பு தெரியாமல் முக்காட்டைச் சுற்றி, ஊதிய முகத்தில் கொஞ்சம் பவுடர் போட்டு, வந்தவர் அத்தனை பேரையும் வாசலில் நின்று வரவேற்றாள். யாரும் பார்க்காதபோது தூணில் சாய்ந்துகொண்டாள். யாராவது வருவது தெரிந்தால் தூணை விட்டு விலகினாள். பஸ்னா மணவறைக்கு வந்தபோது அந்த ஊதிய கண்கள் பிரகாசித்ததைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்கு உடம்பில் இருப்பதெல்லாம் நெஞ்சுரம்தானா என்று றம்லத் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

சஹன்கள் வரத் தொடங்கின. பாயில் ஆறு பேரும் உட்கார்ந்தாயிற்று. ஒருபக்கம் அனீஸா, றம்லத், நப்லா. மறுபக்கம் ஜெஸீமா ஹாஜியானி, அவள் தங்கச்சி, மூத்த மருமகள். பரிமாறுகிற பெண் கொண்டுவந்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். "பிஸ்மில்லாஹ்" என்று அனீஸா கையை நீட்டினாள்.

சோற்றின் மேல் வெள்ளை வெளேரென்று அவித்த முட்டை!

"எடு! எடு!" என்று றம்லத் போட்ட சத்தத்தில் அடுத்த பாய்க்காரர்களின் கையும் நின்றுவிட்டது. "இது ஆம்புளைகள்ட சஹன் புள்ள! எங்கட வேற ஈக்கி!" ஆம்பிளைகளுக்கு ஒரு சஹன், பெண்களுக்கு ஒரு சஹன் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் றம்லத் அந்தக் குரலில் சொன்னால் அப்படித்தான் போலும் என்று அந்தப் பெண்ணும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்னாசி அடுக்கிய சஹன் வந்தது. 

சாப்பிடத் தொடங்கினார்கள். நப்லா சொல்லிவைத்தபடி "மாஷா அல்லாஹ், என்ன வாசம்" என்றாள். வாசத்தைச் சொன்னாள், ருசியைச் சொல்லவில்லை, கெட்டிக்காரி. ஜெஸீமா ஹாஜியானி ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். மெல்லுவது நின்றது.

அவளுடைய தங்கச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ராத்தா, இதுல உப்பு..." என்று தொடங்கினாள்.

ஜெஸீமா ஹாஜியானி எதிரே பார்த்தாள். முக்காடு சுற்றிய கழுத்தைப் பார்த்தாள். ஊதிய முகத்தைப் பார்த்தாள். கல்யாணப் புரியாணியை, மற்றவர்கள் மருந்து மாதிரி விழுங்குகிற அந்தச் சோற்றை, அனீஸா ஒன்றும் நடக்காதது போல அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பிறகு சஹனிலிருந்து நல்ல இறைச்சித் துண்டாக ஒன்றை எடுத்துத் தங்கச்சியின் பக்கம் வைத்தாள்.

"கதைக்காமத் தின்னு" என்றாள்.

பக்கத்துப் பாயிலிருந்து யாரோ அச்சாறு தட்டை நீட்டினார்கள். "இங்க வாணாம், இது போதும்" என்று கையால் தடுத்தாள். பொரித்த வெங்காயத்தையும் முந்திரியையும் விரலால் ஒதுக்கி ஒதுக்கி அனீஸாவின் பக்கம் சேர்த்தாள். கண்டி முழுக்கப் புரியாணிக்குக் குறை சொன்ன நாக்கு, அந்தச் சஹனில் கடைசிப் பருக்கை மிச்சமில்லாமல் தின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னது. மருமகளும் தங்கச்சியும் வேறு வழியில்லாமல் தின்றார்கள்.

கை கழுவுகிற இடத்தில் ஹாஜியானி றம்லத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆக்கினது நீங்களா?"

"ஓ, நான்தான்" என்றாள் றம்லத். அதற்கு மேல் பொய் சொல்லத் தென்பில்லை. "ஹாஜியானி, அதுல ஒரு விஷயம்..."

"செல்ல வாணாம். உப்புப் போட மறக்கிற கை இல்ல உங்கட. அவவுக்கு எப்ப செல்லணும் எண்டு ஈக்கோ அப்ப அவவே செல்லட்டும்." கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள், நின்று, "மருமகள் எடுக்க வந்த எடத்துல நல்ல வீடு ஒண்டும் கெடச்சிருக்கு எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

றம்லத் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவு கழுவென்று கழுவினாள்.

மறுநாள் பேராதனையில் அதே யோகராஜ். "வாங்கம்மா, உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில், மரியாதையாக, "இந்தத் தடவ கடப்பாசி ஏதும்...?" என்று இழுத்தார்.

"இல்ல தம்பி" என்றாள் அனீஸா. "இந்த முற எனக்குக் காவல் பலம். நேத்து மகள்ட கல்யாணம். கல்யாணச் சோறும் உப்பில்லாமத்தான் தின்டன்."

யோகராஜ் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார். "இங்க வர்ற ஆளுங்க, வீட்டுல சும்மா இருந்தே இந்தச் சாப்பாட்டுல தோத்துப் போறாங்கம்மா" என்றார். பிறகு ஈயப் பாத்திரத்திலிருந்த குளிசையைக் கொண்டுவரப் போனார்.

குளிசை விழுங்கிய பின் சின்னப் பிள்ளைகள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் பக்கம் போகக் கூடாது என்று சொன்னார்கள். அனீஸா வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தாள். றம்லத் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து அங்கிருந்தே சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாய் இதற்காவது உதவியது.

பிறகு படம் எடுக்கிற நாள். ஒடுங்கிய கட்டிலில் அசையாமல் கிடந்து, அனீஸா வெளியே வந்தாள். காத்திருந்த நேரம் முழுக்க றம்லத்தின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது. டொக்டர் கூப்பிட்டார். படம் தெளிவாக வந்திருக்கிறது. நம்பிப் பார்க்கக் கூடிய படம். கழுத்திலோ வேறிடத்திலோ ஒன்றும் தென்படவில்லை என்றார். தைராய்டுக் குளிசையை இன்றே தொடங்கலாம். சாப்பாடும் இனி வழக்கம்போல.

றவூப் வானைத் திறந்துகொண்டு நின்றான். கேட்டதும் ஆம்பிளை, நடுத்தெருவில் கண்ணைத் துடைத்தான். வான் கிளம்பியது. பாலத்தைத் தாண்டியதும் றம்லத்துக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"றவூப், ஒண்டு செல்லணும். அண்டைக்கி நோன்பு மாசம் ஸ்கேன் நிண்டு போனது பள்ளிக் கஞ்சியால இல்ல..."

"கஞ்சியாலதான்" என்றாள் அனீஸா, கண்ணை மூடிக்கொண்டு இருக்கையில் சாய்ந்தபடி. "ஒரு கோப்ப இல்ல, ரெண்டு கோப்ப குடிச்சன். மதினி எனக்காக மறைக்கிறா."

"ரெண்டா!" என்றான் றவூப். ஆனால் ஏசவில்லை. சிரித்தான். "சரி, இப்ப என்னத்தத் தின்ன ஆச, செல்லு. மாசிச் சம்பலா? இறால் பொரியலா? கம்பளைச் சந்தையில எறக்கி விடுறன்."

அனீஸா கண்ணைத் திறந்து மதினியைப் பார்த்தாள்.

"கடப்பாசி" என்றாள். "பச்ச நெறத்துல. மதினிட கையால."

றம்லத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வான் கெலிஓயாவைக் கடந்தது, வெலிகல்லையைக் கடந்தது.  கம்பளையில் பலசரக்குக் கடை வாசலில் வானை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். உள்ளே போனவள், கூரையிலிருந்து தொங்கிய கடப்பாசிப் பைக்கற்றுகளைக் காட்டி, "தம்பி, அதுல ஒண்டு தாங்க" என்றாள். இவ்வளவு மெல்லிய குரலில் றம்லத் ராத்தா பேசி அந்தக் கடைக்காரன் கேட்டதேயில்லை. காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, என்ன வேணும் என்று அவன் இன்னொரு முறை கேட்டான்.